நான்காம் எண் நோட்டு

காலையில் வெந்நீர்த் தொட்டியில் பத்து நிமிடம் உட்காராமல் என் நாள் தொடங்குவதில்லை. எங்கள் ஊர் நீச்சல் குளம் ஆறரைக்குத் திறக்கும். மேலே பனி கொட்டினாலும் கழுத்துவரை வெந்நீரில் இருந்தபடி ஊர்க்கதை பேசலாம். இந்த வாரம் நான் இறங்கியதும் மற்றவர்கள் எழுந்து போய்விட்டார்கள். எனக்குக் கோபமில்லை. ஒரு பக்கத்துக் கதையை மட்டும் கேட்டிருக்கிறார்கள், பாவம். நீங்கள் தலைநகர் ரெய்க்யாவிக்கிலிருந்து விசாரணைக்கென்றே வந்திருக்கிறீர்கள். முழுக்கக் கேட்பது உங்கள் வேலை.

என் பெயர் சல்வோர். இருபத்திரண்டு வருடமாகக் கணக்கு ஆசிரியை, ஒன்பது வருடமாக இந்தப் பள்ளியின் ஆசிரியர் சங்கப் பிரதிநிதி. போன இலையுதிர்காலத்தில் நகராட்சிகளோடு பேச்சுவார்த்தை நடத்தும் குழுவிலும் என்னைச் சேர்த்தார்கள். நாங்கள் கேட்டது இரண்டுதான். வாரம் நாற்பது மணி நேரம் என்பது ஏட்டுச் சுரைக்காயாக இருக்கக் கூடாது. இருபது பிள்ளைகளுக்கு மேல் உள்ள வகுப்புக்கு இரண்டாவது ஆசிரியர் வேண்டும்.

எதிர்த் தரப்புக்கு ஒரே பல்லவி. "மூணு மணிக்கு வண்டிய எடுத்துக்கிட்டுக் கெளம்பிடுறீங்க. கோடையில ரெண்டு மாசம் ஆளையே காணோம். இதுல நேரம் பத்தலையா?"

கடைசியில் மத்தியஸ்தர் ஒரு வழி சொன்னார். ஆறு ஆசிரியர்கள் எட்டு வாரத்துக்குத் தங்கள் வேலை நேரத்தை நாள்தோறும் நோட்டில் எழுத வேண்டும். பெயர் கிடையாது, எண் மட்டும். ஒரு நாள் விட்டுப்போனாலும் அந்த நோட்டு செல்லாது. இரு தரப்பும் ஒப்புக்கொண்டோம்.

நான்காம் எண் ஹால்வெய்க். ஐந்தாம் வகுப்பு ஆசிரியை, நாற்பத்தாறு வயது. நான்தான் அவளைத் தேர்ந்தெடுத்தேன். ஒரு பிள்ளையின் அம்மாவோடு தொலைபேசியில் ஏழு நிமிடம் பேசினால் ஏழு என்றுதான் எழுதுவாள், பத்தாக்க மாட்டாள். எனக்கு அவளை மிகவும் பிடிக்கும். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் வாரம் பக்கத்து வகுப்பு ஆசிரியை பிரசவ விடுப்பில் போனாள். தலைமையாசிரியர் ஸ்டெய்ன்தோர், ஆசிரியர் பயிற்சி முடிக்காத ஒருவரை உடனே வைத்துக்கொள்ளலாம் என்றார். நான் கூடாது என்றேன். தகுதியில்லாதவர்களை வைத்து ஓட்டுவதைச் சங்கம் என்றுமே ஏற்றதில்லை.

"நல்லா இருக்கு போ," என்று சிரித்தார். "உங்களுக்கு ஆளும் வேணாம், ஆளில்லைன்னு புகாரும் வேணும். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசையா?"

இரண்டு வகுப்பையும் ஒன்றாக்கினார்கள். முப்பத்து மூன்று பிள்ளைகள், ஒரு ஹால்வெய்க். ஐம்பத்திரண்டு மணியாக இருந்த அவளுடைய வாரம் அறுபத்தொன்றாகியது. மற்ற ஐந்து நோட்டுகளில் ஒன்றுகூட நாற்பத்தாறைத் தாண்டவில்லை. அவளுடையதை வைத்துத்தான் நாங்கள் பேச முடியும் என்பது எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

ஐந்தாம் வாரக் கடைசியில், நகல் எடுக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில், ஓர் உறையை நீட்டினாள். மருத்துவர் கடிதம்.

"இதயத்துடிப்பு தாறுமாறா இருக்காம். ஒரு மாசம் கட்டாயம் வீட்ல படுக்கணுமாம். ஸ்டெய்ன்தோர் மூஞ்சியப் பாத்து இதக் குடுக்கச் சங்கடமா இருக்குடி. முப்பத்து மூணு பிள்ளைங்களையும் அவர் தலையில கட்டிட்டுப் போற மாதிரி இருக்கு."

"இங்க குடு. சங்கம் வழியாப் போனாத்தான் உன் உரிமை எதுவும் விட்டுப்போகாது. மாத்து ஆள் வர்ற வரைக்கும் மட்டும் ஓட்டிடு."

"எத்தன நாளாகும்?"

"கொஞ்ச நாள்தான்டி."

நீங்கள் முதலில் கேட்டது இதைத்தான். கடிதம் மார்ச் ஏழாம் தேதி, வெள்ளிக்கிழமை, என் கைக்கு வந்தது. என் மேசையின் இரண்டாவது இழுப்பறையில் வைத்தேன். கிழிக்கவில்லை. அவள் விடுப்பில் போயிருந்தால் நோட்டு ஐந்து வாரத்தோடு நின்றிருக்கும். ஒரு பக்கம் ஒருத்தியின் மூன்று வாரம். இன்னொரு பக்கம் நாடு முழுக்க இருக்கும் ஆசிரியர்கள், பிள்ளைகள். கணக்கு ஆசிரியைக்கு இதில் குழப்பம் வராது.

காப்பி நேரத்தில் தினமும் கேட்பாள். "ஆள் கெடச்சுதாடி?" தேடுகிறார்கள் என்பேன். தலையாட்டிவிட்டு, கட்டுரை நோட்டுகளைத் தூக்கிக்கொண்டு போவாள். அப்போது அவள் உதடு நீலம் பாரித்திருந்ததை நான் பார்க்கவில்லை என்று சொல்லமாட்டேன்.

அவள் கணவர் ஏயோல்வுர் துறைமுகத்தில் வேலை பார்ப்பவர். ஒரு காலை நீச்சல் குள வாசலில் என்னை மறித்தார்.

"மாடிப்படி ஏற மூணு தடவ நிக்கிறா. உங்க பள்ளிக்கூடத்துல ஒருத்தருக்கும் கண்ணு இல்லியா?"

"நானும் அவளுக்காகத் தினம் ஸ்டெய்ன்தோரோட மல்லுக்கட்டிக்கிட்டுத்தான் இருக்கேன்."

என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ ஒருத்திதான் எங்களுக்குத் துணை" என்றார். ஞாயிறன்று ஒரு பை கருவாடு கொண்டுவந்து கொடுத்தார். வேண்டாமென்றால் மனம் நோகும் என்று வாங்கிக்கொண்டேன். நல்ல கருவாடு.

எட்டாம் வாரம், புதன்கிழமை, முதல் பாடவேளையில் பின்னம் நடத்திக்கொண்டிருந்தபோது பலகைக்கு முன்னால் விழுந்தாள். பிள்ளைகள் ஓடிவந்து என் கதவைத் தட்டினார்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை அவள் நெஞ்சை அழுத்தியது நான்தான். ஒரு கணமும் நிறுத்தவில்லை. ஹெலிகாப்டரில் ரெய்க்யாவிக்குக்குக் கொண்டுபோனார்கள். வெள்ளிக்கிழமை மாலை இறந்தாள். அன்று அழுதேன்.

ஏப்ரலில் நோட்டுகளை மேசையில் வைத்தோம். எதிர்த் தரப்புத் தலைவர் நான்காம் எண்ணை வெகுநேரம் புரட்டினார். "இந்த ஆளுக்கு வீடு வாசல் கிடையாதா?" என்று கேட்டார். நான் தண்ணீர் குடித்தேன். அதற்குப்பின் அவர் மூன்று மணி, கோடை விடுமுறை என்ற பேச்சையே எடுக்கவில்லை. நான்கு நாளில் இரண்டாவது ஆசிரியருக்கு ஒப்புக்கொண்டார்கள்.

ஒப்பந்தம் கையெழுத்தானதும் மத்தியஸ்தர் வாஃபிள் என்னும் கட்டம்போட்ட இனிப்பு அடை சுட்டுக் கொடுப்பது எங்கள் நாட்டு வழக்கம். கையெழுத்து இல்லையென்றால் வாஃபிள் இல்லை. ஜாமும் பாலாடையும் வைத்து இரண்டு சாப்பிட்டேன். எல்லோரும் கைதட்டினார்கள். ஹால்வெய்க் இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள் என்று மனதாரச் சொல்கிறேன். இப்போது அவள் வகுப்பில் இரண்டு ஆசிரியர்கள் இருக்கிறார்கள்.

பிறகு ஏயோல்வுர், அவள் நினைவாக அந்த நோட்டைக் கேட்டு வாங்கினார். கடைசி மூன்று பக்கமும் அவள் எழுதியதல்ல என்று கண்டுபிடித்து உங்களிடம் கொடுத்துவிட்டார். சரிதான். புதன், வியாழன், வெள்ளி, மூன்றையும் நான்தான் எழுதினேன். அவள் மருத்துவமனையில் இயந்திரத்தின் உதவியில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். நான் ஆசிரியர் அறையில் அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்து, அவளுடைய பேனாவால் எழுதினேன்.

ஒன்றை மட்டும் நீங்கள் கவனிக்க வேண்டும். அவள் வழக்கப்படி நாளுக்குப் பன்னிரண்டு மணி வந்திருக்கும். நான் எட்டுதான் போட்டேன். கூட்டி எழுதினேன் என்று என்னை யாரும் சொல்லிவிட முடியாது.