நகோமியாள் மணி

தண்டவாளம் போடுவதற்கு முந்தின காலமாம். செம்மணல் தேரிக்குள்ளே செங்காட்டுவிளை என்று ஒரு ஊராம். முப்பது வீடு, சுற்றிலும் பனங்காடு, நடுவிலே ஒரு ஓலை வேதக்கோயில். கோயில் வாசலில் இரண்டு கல்தூண், அதற்கு நடுவே கை எட்டுகிற உயரத்தில் ஒரு வெண்கல மணி. அந்த மணியை அடிக்கிற கோயில்குட்டி பேர் சுவிசேஷமுத்து. அவர் பெஞ்சாதி நகோமியாள்.

சுவிசேஷமுத்து வாயில்லாத மனுஷன். ஞாயிற்றுக்கிழமை முதல் மணி, இரண்டாம் மணி, மூன்றாம் மணி, எதுவும் தப்பாது. மூன்றாம் மணி அடித்தால் கதவை அடைத்துவிட வேண்டும். பிந்தி வந்தவர் யாரானாலும் வெளியே பூவரச மரத்தடியில்தான். அது சபைச் சட்டம்.

அந்தப் பூவரசடியில் முக்கால்வாசி வாரம் உட்கார்ந்திருந்தது யார் என்கிறீர்கள்? கதவை அடைத்தவரின் பெஞ்சாதியேதான்.

நகோமியாளுக்குப் பிள்ளையில்லை. ஆனால் ஊர்ப் பிள்ளையெல்லாம் அவள் கையில் விழுந்த பிள்ளைகளாம். எந்த ஊரிலிருந்து பிரசவத்துக்கு ஆள் வந்தாலும் எழுந்து போவாள். போகையிலே ஜெபம், வருகையிலே பாட்டு. மேற்கே இரண்டு மைலில் இருக்கிற கரையடியூருக்கும் போவாள். பனை எல்லைத் தகராறில் கோயில் கூரைக்குத் தீ வைத்த ஊர் அது. பாதிக் கூரை இன்னும் வெறும் கம்பாகத்தான் நின்றது.

"நம்ம கூரையைக் கொளுத்தினவனுக்குப் பிள்ளையெடுக்கப் போறா பாரு" என்பார்கள் பெண்கள்.

"கொளுத்தினது அப்பன். பிள்ளை கையில தீப்பந்தத்தோடயா வருது?" என்பாளாம் இவள்.

பாதிரி ஐயர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாட்டுவண்டியில் வந்து அப்பமும் ரசமுமாக இராப்போஜனம் கொடுப்பார். நகோமியாள் அடுத்தடுத்து மூன்று தடவை பிந்திவிட்டாள். நாலாம் தடவையும் தவறினால் அவள் பேர் சபைப் புஸ்தகத்திலிருந்து அடிபடும் என்று சபைப் பெரியவர் வேதக்கண் சொல்லிவிட்டார். பேர் போனால் கல்லறைத் தோட்டத்தில் இடமும் போச்சு. சுவிசேஷமுத்துவுக்கு அதுதான் நெஞ்சில் முள். செத்தாலும் இரண்டு பேரும் ஒரே மண்ணில் கிடக்க வேண்டும் என்று நினைத்திருந்த மனுஷன் அவர்.

நாலாம் இராப்போஜனத்துக்கு முந்தின நாள், சனிக்கிழமை சாயங்காலம், கரையடியூர் வேலாண்டி வந்து நின்றானாம். தீ வைத்தவர்களில் முதல் ஆள் அவன்தான்.

"தாயீ, எம் பொஞ்சாதிக்கு நேத்திலிருந்து வலி. பிள்ளை இறங்கல."

சுவிசேஷமுத்து, "ஏட்டி, நாளைக்கு..." என்றார்.

"மூணாம் மணிக்குள்ள வந்துருவேன்" என்று துணிமூட்டையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

விடிந்தது. முதல் மணி அடித்தார். மேற்கே பார்த்தார். வரவில்லை. இரண்டாம் மணி அடித்தார். மேற்கே பார்த்தார். மணல்தான் தெரிந்தது. மூன்றாம் மணி நேரம் வந்தது, போனது. மணிச் சத்தமே இல்லை.

வேதக்கண் வெளியே வந்தார். "என்னவே, உறங்கிட்டீரா?" கயிற்றைப் பிடுங்கி இழுத்தார். மணி ஆடுகிறது, சத்தம் வரவில்லை. இன்னொரு தரம் இழுத்தார். ஊமை மணி. அண்ணாந்து உள்ளே பார்த்தால், மணிக்கு நாக்கைக் காணோம்.

ஐயரும் வந்துவிட்டார். "நாக்கு எங்கே?"

"எம் மடியில இருக்கு ஐயா."

"ஏன்?"

அன்றைக்குத்தான் சுவிசேஷமுத்து வாய் திறந்தாராம். "இருபது வருஷமா அவ முகத்துக்கு நேர கதவை அடைச்சேன். ஒரு நாளும் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்ல. இன்னிக்கு எனக்குக் கை வரல. அடைக்கணும்னா என்னையும் வெளியே வச்சு அடைங்க."

ஐயர் அங்கியைச் சுருட்டிக்கொண்டு பூவரசடியில் உட்கார்ந்தார். "அப்ப இருப்போம்" என்றார். சபையும் ஒவ்வொருவராக வெளியே வந்து உட்கார்ந்தது. வேதக்கண் மட்டும் நின்றார்.

வெயில் ஏறின பிறகு தேரியில் இரண்டு பேர் தெரிந்தார்களாம். முன்னால் முழங்கால் வரை செம்மணலோடு நகோமியாள். பின்னால் தலைச்சுமையோடு வேலாண்டி.

அவள் கூட்டத்தைப் பார்த்துத் திகைத்து, "என்ன, எல்லாரும் வெளியே இருக்கீங்க? கோயிலுக்குள்ள பாம்பா?" என்றாளாம்.

வேலாண்டி தலை நிமிரவில்லை. "பிள்ளை கால் முன்னால வந்துச்சு. தாயும் பிள்ளையும் பிழைச்சிட்டாங்க. இது பச்சை ஓலை. உங்க கூரைக்கு."

வேதக்கண் இரண்டு எட்டு வைத்துப் போய், சுமையை இறக்கக் கை கொடுத்தாராம்.

"இப்ப அடியும்" என்றார் ஐயர். நாக்கை மாட்ட நேரமில்லை. சுவிசேஷமுத்து மடியிலிருந்து அதை எடுத்து, கையில் பிடித்தபடியே மணியில் மூன்று தட்டு தட்டினார். நகோமியாள் உள்ளே போனாள். அதற்குப் பிறகுதான் கதவை அடைத்தார். அன்றிலிருந்து மூன்றாம் மணி மட்டும் நாக்கைக் கழற்றிக் கையால்தானாம்.

முப்பது வருஷம் கழித்து அவள் முந்திக்கொண்டாள். கல்லறைத் தோட்டத்தில் வைத்தார்கள், பக்கத்தில் ஒரு ஆள் இடம் விட்டு. அடுத்த ஞாயிறு கிழவர் மூன்றாம் மணிக்கு நாக்கைக் கையில் வைத்துக்கொண்டு, பழக்கத்தில் மேற்கே பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். சபையில் ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. அப்போது தேரியில் ஒரு பெண் வேகவேகமாக வந்தாளாம். கையில் துணிமூட்டை. அன்றைக்குக் கால் முன்னால் வந்து பிறந்தாளே, அந்த வேலாண்டி மகள், நகோமியாளிடமே தொழில் படித்துச் சபையில் சேர்ந்தவள். "பிந்திட்டேன் தாத்தா, கரையடியூர்ல ஒரு பிரசவம்" என்றாள். அவள் உள்ளே போனதும் கிழவர் மணியடித்தார்.

இப்போது அங்கே கற்கோயில் இருக்கிறது, கோபுரம் இருக்கிறது. முதல் இரண்டு மணிக்கும் கோபுர மணிக் கயிறுதான். மூன்றாம் மணிக்கு மட்டும் கோயில்குட்டி கீழே வந்து, பழைய கல்தூணடியில் நின்று, மேற்கே ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பழைய மணியைக் கையால் தட்டுவார். அதற்குப் பேர் நகோமியாள் மணி. பாதையில் யாராவது வந்துகொண்டிருந்தால் தட்ட மாட்டார்.