பழுப்பு வளையம்

மலை பின்னால் நழுவிக்கொண்டே இருந்தது. கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் தாவணி போட்ட இரண்டு ப்ளஸ் டூ பெண்கள். மறுநாள் அவர்களுக்கு வேதியியல் செய்முறைத் தேர்வு.

"நைட்ரேட்டுக்குப் பழுப்பு வளையம் வரும்னு எழுதறோமே, அது எப்படிடி இருக்கும்?" என்றாள் ஜன்னலோரத்தில் இருந்தவள்.

"ரெண்டு வருஷமா லேப்ல தானேடி இருந்த?"

"நீங்கல்லாம் செய்வீங்க. என்னைச் சார் கழுவத்தானே விடுவாரு. எங்கிட்ட டெஸ்ட் டியூப் வரும்போது வளையம் கலைஞ்சிருக்கும்."

"சாரைக் கேக்கறதுதானே?"

"கேட்டேனே. 'உங்கம்மா ஆஸ்பத்திரியில கழுவறதுதானே, அதான் உனக்குக் கை பதமா வருது, ஒண்ணுகூட உடையல'ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நீயும்தான்."

தோழி மடியிலிருந்த புத்தகத்தை மூடினாள். பேனா மூடியைக் கழற்றி அவள் கையில் வைத்தாள்.

"இதான் டெஸ்ட் டியூப். சாச்சுப் புடி. ஆசிடை ஓரமா, சொட்டுச் சொட்டா விடு. நடுவுல தானா வளையம் கட்டும்."

ஜன்னலோரத்துப் பெண் மூடியைச் சாய்த்துப் பிடித்து, இல்லாத ஆசிடை ஊற்றினாள். பிறகு அவள் கை தானாக மூடியைக் குலுக்கியது.

"ஐயோ, குலுக்காதடி! கலைஞ்சிடும்."

"குலுக்கித்தானேடி பழக்கம்" என்றாள் அவள்.