அட்டை பிரித்த மாத்திரை

நான் டீயில் சர்க்கரை போடுவதில்லை, தம்பி. சர்க்கரை வியாதி. மிளகளவில், தட்டையாக, வெள்ளையாக ஒரு மாத்திரை கடையில் விற்கிறது. அதில் ஒன்றைப் போட்டால் இனிக்கும். நீங்கள் கேட்பது அந்த மாத்திரையைப் பற்றித்தானே? சொல்கிறேன். மிரட்டிக் கேட்க வேண்டியதில்லை.

என் பெண்டாட்டி உலகம் சுற்றக் கிளம்பினாள். இரண்டு வருஷம். கூட அவள் தங்கச்சி. புருஷன் செத்ததிலிருந்து கால் தரையில் பாவாதவள். என்னைக் கேட்டார்களா? சொன்னார்கள். கேட்பது வேறு, சொல்வது வேறு. நான் பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்த்ததோடு சரி, ஆனாலும் அந்த வித்தியாசம் தெரியும். கிடங்குக் காவலாளியாக இருந்தவன். ஒரு சாமான் வாசலைத் தாண்டினால், யாரைக் கேட்டுப் போகிறது என்றுதான் முதலில் பார்ப்பேன்.

கூடத்துச் சுவர் முழுக்க உலக வரைபடம், அதில் குண்டூசிகள். எந்த நாட்டில் எப்போது மழை என்று இரண்டு பேருக்கும் ஓயாத வாக்குவாதம். பைக்குள் செங்கல்லைப் போட்டு முதுகில் மாட்டிக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்கிப் பழகினார்கள். பாத்திரம் பண்டமெல்லாம் அக்கம்பக்கத்துக்குப் போயிற்று. எனக்கு ஒரு தட்டு, ஒரு டம்ளர். வாஷிங் மெஷினில் நான் அமுக்க வேண்டிய பட்டனில் சிவப்பு ஸ்டிக்கர். நாயை விட்டுப்போகிறவர்கள்கூட இதைவிட யோசிப்பார்கள்.

“நீங்களும் வாங்களேன் மாமா,” என்றாள் கொழுந்தியாள். “ஆனா ஒண்ணு, உங்க மூட்டைய நீங்கதான் தூக்கணும்.”

அக்காளும் தங்கச்சியும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

என் பெண்டாட்டிக்கு ரத்தக் கொதிப்பு. தினமும் காலையில் ஒரு மாத்திரை. பயணத்துக்கென்று மொத்தமாக வாங்கி வைத்திருந்தாள். “இத்தனை அட்டையையும் யாருக்கா சுமக்கிறது? பிரிச்சு டப்பாவுல கொட்டு, பாதி இடம் மிச்சம்,” என்று யோசனை சொன்னது தங்கச்சிதான். இரண்டு பேரும் உட்கார்ந்து பட்டாணி உரிக்கிறது போல உரித்தார்கள். பேர் ஊர் இல்லாத வெள்ளை மாத்திரை, டப்பா நிறைய. அட்டையிலேயே இருந்திருந்தால் என்னால் என்ன செய்திருக்க முடியும்? இதை மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள்.

அவளுடையதை எடுத்து ஒளித்துவிட்டு, டப்பாவில் என்னுடையதைக் கொட்டினேன். கிளம்புமுன் டாக்டர் பரிசோதிப்பார். கொதிப்பு ஏறியிருந்தால் போகாதே என்பார். அவ்வளவுதான் நான் நினைத்தது.

ஒருநாள், “என்னங்க, இந்த மாத்திரை லேசா இனிக்குதே,” என்றாள்.

“உலகம் சுத்தப் போற சந்தோஷத்துல வேப்பங்காயும் இனிக்கும்,” என்றேன்.

சிரித்துக்கொண்டே விழுங்கினாள்.

டாக்டர் அளந்து பார்த்துவிட்டு, “மாத்திரைய ஒழுங்கா போடுறீங்களாம்மா?” என்று கேட்டார். “ஒரு நாள்கூட விடலை டாக்டர்,” என்றாள். அவள் சொன்னது பொய்யில்லை. பயணத்தைத் தள்ளிப்போடுங்கள், இனி இரண்டு மாத்திரையாகப் போடுங்கள் என்று அனுப்பினார்.

அதோடு நானும் நிறுத்தியிருப்பேன். ஆனால் வீட்டுக்கு வந்தவள் ஒரு குண்டூசியைக்கூடப் பிடுங்கவில்லை. “ஒரு மாசம் தள்ளிப் போறோம், அவ்வளவுதான்டி. டாக்டர் என்ன, எமனே மறிச்சாலும் நான் போவேன்,” என்று தங்கச்சிக்குப் போன் போட்டுச் சொன்னாள். செங்கல் பையை மாட்டிக்கொண்டு மாடி ஏறினாள். எமன் பேரைச் சொல்லத் தெரிந்தது. வீட்டில் இருக்கிற என் பேர் அவள் வாயில் வரவில்லை.

ஒளித்து வைத்திருந்த நிஜ மாத்திரைகளை அன்றைக்கே சாக்கடையில் கொட்டினேன். டப்பா குறையக் குறைய நானே நிரப்பினேன். அவள் இரண்டிரண்டாகப் போட்டாள்.

அந்த ஒரு மாசம் முடியுமுன், ஒருநாள் ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது சாய்ந்தாள். வாய் ஒரு பக்கமாகக் கோணியது. கண் என்னையே பார்த்தது. நான் முதலில் வரைபடத்தைக் கிழித்தேன். கீழே கொட்டிய குண்டூசிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். ஆம்புலன்ஸ் ஆட்கள் காலில் குத்திவிடும் அல்லவா? பொறுக்கி முடித்த பிறகு போன் செய்தேன்.

வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. கொழுந்தியாள் டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு போலீஸ் ஸ்டேஷன் என்று உங்களிடம் ஓடி வந்திருக்கிறாள். வரட்டும். குடும்பத்தைக் கலைத்தவள் அவள்தான், அவளை விசாரியுங்கள்.

என் பெண்டாட்டியைக் குளிப்பாட்டுவது நான், ஊட்டிவிடுவது நான், தலைவாரிவிடுவதும் நான். எந்த ஊர்க்காரன் செய்வான் இதையெல்லாம்? நம்பிக்கையில்லையென்றால் வீட்டுக்கு வந்து அவளிடமே கேளுங்கள், தம்பி. என்மேல் ஒரு வார்த்தை குறை சொல்லமாட்டாள்.