கூரைக்குப் போன பணம்

ட்ருடி: …கொஞ்சம் இரு அண்ணா, அந்தக் கிண்ணத்தத் தள்ளி வை. இந்தத் தாள் எப்ப வந்துச்சு?

டேரில்: எது?

ட்ருடி: என் படிப்புக்குன்னு நீ போட்டு வச்ச சேமிப்புக் கணக்குல இருந்து போன வருஷம் பணம் எடுத்திருக்கன்னு வந்த தாள்.

டேரில்: பிப்ரவரில வந்துச்சு. அதையும் வரிக் கணக்குல சேத்துடு. உன்னக் கணக்கியல் படிக்க வச்சதே அதுக்குத்தான.

ட்ருடி: சும்மா சேக்க முடியாது. எதுக்கு எடுத்தன்னு தெரியணும். படிப்புக்குன்னா வரியே இல்ல. வேற எதுக்காவதுன்னா, நீ போட்ட பணத்த விட்டுடுவாங்க. அது போட்ட குட்டிக்கு வரி. அதுக்கு மேல பத்து சதவீதம் அபராதம்.

டேரில்: ம்… அப்ப அபராதம் போட்டுடு.

ட்ருடி: என்ன இவ்வளவு சுளுவா சொல்ற? எதுக்குச் செலவழிச்ச?

டேரில்: கூரைக்கு. ஆலங்கட்டி மழையில போச்சுல்ல.

ட்ருடி: இன்சூரன்ஸ்காரன் குடுக்கலயா?

டேரில்: அவன் இழுத்தடிச்சான். நீ என்ன வரி ஆபீஸா? எழுது.

ட்ருடி: கோவிச்சுக்காத. உன் பணம், உன் இஷ்டம். அப்பா போனப்ப எனக்கு நாலு வயசு. காலேஜ்ல பாதிப் படிப்ப விட்டுட்டு வந்து தானியக் கிடங்குல சேந்த. பனியில பூட்ஸ் பிஞ்சு நின்னப்பகூட இந்தக் கணக்குல போடுறத நிறுத்தல. அது எனக்கு மறக்குமா?

டேரில்: ஆரம்பிச்சுட்டியா… சில்லிக் குழம்பு ஆறுது பாரு. ரொட்டி ரோலத் தொட்டுச் சாப்பிடு.

ட்ருடி: நன்றி சொன்னா மட்டும் உனக்குக் காது கேக்காது.

டேரில்: அத விடு. நூலகத்துல வரிக்கு உதவி பண்றாரே ஒருத்தர், அவர் ஒண்ணு சொன்னார். படிக்கிற புள்ளைக்கு உதவித்தொகை கிடைச்சிருந்தா, அந்த அளவுக்கு அபராதம் கிடையாதாம். வரி மட்டுந்தானாம்.

ட்ருடி: …ஆமா. அப்படி ஒண்ணு இருக்கு.

டேரில்: அப்புறமென்ன? போன வருஷம் கடைசி செமஸ்டருக்கு உனக்கு முழு உதவித்தொகை கிடைச்சுதே. அதனாலதான பணமே மிஞ்சுச்சு. அத எழுது.

ட்ருடி: வேண்டாம். அபராதமே கட்டிடலாம்… நான் குடுக்குறேன்.

டேரில்: நீ எதுக்குக் குடுக்கணும்? எவ்வளவு கிடைச்சுதுன்னு சொல்லு, போதும்.

ட்ருடி: அண்ணா… விடேன்.

டேரில்: ட்ருடி. என்னப் பாத்துச் சொல்லு.

ட்ருடி: உதவித்தொகைன்னு ஒண்ணும் வரல. விடுதிச் சமையலறையில தட்டு கழுவினேன். சனி, ஞாயிறு முதியோர் இல்லத்துல வேலை. அதுலயே ஃபீஸ் கட்டிட்டேன்.

டேரில்: பணம் இருக்கறப்ப… ஏன்டி?

ட்ருடி: மிஞ்சினா அந்தக் கணக்கக் குடும்பத்துல வேற யாரு படிப்புக்கும் மாத்தலாம், அண்ணனுக்குக்கூட மாத்தலாம்னு தெரிஞ்சுது. விட்ட படிப்ப நீ என்னைக்காவது தொடுவேன்னு ஒரு நெனப்பு. உனக்குத்தான்னு சொன்னா தொடமாட்ட. அதான் பொய் சொன்னேன். நீ என்னடான்னா கூரையில போட்டுட்ட… பரவால்ல. நனையாமத் தூங்குற இல்ல, அது போதும் எனக்கு. சரி, அபராதத்த எழுதிடவா?

டேரில்: பேனாவக் கீழ வை.

ட்ருடி: ஏன்?

டேரில்: எழுதாத. இன்சூரன்ஸ்காரன் அப்பவே குடுத்துட்டான்… அந்தக் கணக்க என் பேருக்கு மாத்தி, ஆகஸ்ட்ல இருந்து நில அளவைப் படிப்புக்குப் போயிட்டிருக்கேன் பாப்பா. தேறுவேனோ மாட்டேனோன்னுதான் உன்கிட்ட சொல்லல. சின்னப் பசங்களுக்கு நடுவுல வெக்கப்பட்டுக்கிட்டு கடைசி வரிசையில ஒளிஞ்சு உக்காந்திருக்கேன்… நீ தட்டு கழுவி மிச்சம் பிடிச்ச காசுன்னு தெரிஞ்சிருந்தா, மொத வரிசையில உக்காந்திருப்பேன்.