கதிரையே, பற!

அரிப்பு என்ற ஊருக்குப் போகும் பேருந்தில் எனக்கு முன்னால் இருந்த கணவனும் மனைவியும் கைபேசியில் பழைய மாயாஜாலச் சிரிப்புப் படமொன்று பார்த்துக்கொண்டு வந்தார்கள். கோமாளி இளவரசன் "நாற்காலியே, பற!" என்றதும் நாற்காலி அவனைத் தூக்கிக்கொண்டு பறந்தது.

"எத்தினை தரம் பாத்தாலும் சிரிப்பு வருது," என்றாள் அவள்.

"சின்னனில நானும் 'கதிரையே, பற' எண்டு கத்திப் பாத்தனான். அசையேல்லை," என்றான் அவன்.

"மந்திரத்தை மாத்திச் சொன்னா எப்பிடிப் பறக்கும்?"

"நீர் இந்தியா அகதி முகாமில இருந்து வந்து எங்கட வகுப்பில சேந்த அண்டைக்கு, 'என்ர நாற்காலி எது?' எண்டு கேட்டீரெல்லே? நாங்கள் கதிரை எண்டுதானே சொல்லுறது, எல்லாரும் சிரிச்சாங்கள்."

"நீங்கள் மட்டும்தான் சிரிக்கேல்லை. என்னில பாவப்பட்டனீங்களாக்கும்."

"இல்லையப்பா. கதிரை பறக்குமெண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."