கல்லூரிக்குச் சம்பந்தம் பேசிய குருநாதன் அவர்களுக்கு

கமுதி தந்த கண்ணியமே! கடற்கரைப் பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கதவு திறந்த கருணையே! இயற்பியலை இரண்டு பங்கும் இதர செய்திகளை எட்டுப் பங்குமாய் இடைவிடாது எடுத்துரைத்த எங்கள் ஏந்தலே! டீக்கடை தோறும் தகவல் திரட்டிய தகைமையாளரே! பணி நிறைவு பெறும் முதுநிலை ஆசிரியர் திரு. குருநாதன் அவர்களே, வணக்கம்.

இம்மடலை உங்களை நோக்கி வாசிப்பதே மரபு. ஆனால் முகத்துக்கு நேரே ஒரு வரி புகழ்ந்தால் அதில் இரண்டு திருத்தம் சொல்லாமல் நீங்கள் விடமாட்டீர்கள் என்பதை ஆசிரியர் அறை நன்கறியும். ஆகவே, போட்ட மாலையோடு பொறுமையாக வீற்றிருங்கள். உங்களைப் பற்றி அவையோருக்குச் சொல்லிவிடுகிறோம்.

அவையோரே, குருநாதன் சாருக்குக் கல்லூரி என்பது மாப்பிள்ளை. படிக்கப் போகிற பிள்ளை, பெண். பெண் கொடுக்கிறவர் எப்படி விசாரிப்பாரோ அப்படியே விசாரிப்பார். விளம்பரத் தாளைத் தொடமாட்டார்; அது கல்யாணத்துக்கு முந்தின நாள் வீட்டுக்கு அடித்த வெள்ளை என்பார். நேராகக் கல்லூரி வாசலில் இருக்கும் டீக்கடைக்குப் போய் உட்காருவார். சேர்ந்த பிள்ளைகள் கடைசிவரை இருக்கிறார்களா, விடுதியில் ராத்திரிச் சாப்பாடு எப்படி, சேரும்போது சொன்ன கட்டணச் சலுகை அடுத்த வருஷமும் உண்டா என்று கேட்பார். அதற்குள் நாலைந்து டீ உள்ளே போயிருக்கும். அந்த வகையில் வந்த வயிற்றெரிச்சலுக்கு மருத்துவ விடுப்பு எடுத்த ஒரே இயற்பியல் ஆசிரியர் இவர்தான்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் நம் பள்ளியில் முதல் மதிப்பெண் பெற்றவள் அம்ரீன். புள்ளியியல் படிக்க ஆசை. அவளுடைய அத்தா காதர் மைதீன் வளைகுடா நாட்டில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். ஊருக்குத் திரும்பிவிட வேண்டும் என்பது அவருக்கு நெடுநாள் ஏக்கம். மகளின் படிப்புக்குப் பணம் வேண்டுமென்றால் இன்னொரு ஒப்பந்தத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு அங்கேயே இருந்துவிடுவேன் என்று போனில் சொல்லியிருந்தார். இருப்பதா, வருவதா என்பது அம்ரீனுக்குக் கிடைக்கப் போகும் கல்லூரியைப் பொறுத்திருந்தது.

முதலில் கண்ணாடிக் கட்டடமும் குளிரூட்டிய பேருந்துமாக ஒரு கல்லூரி தேடி வந்தது. முழுக் கட்டணமும் இலவசம் என்றது. அம்ரீனின் அம்மா காலிதா அகமகிழ்ந்து போனார். சார் வழக்கம்போல் வாசல் டீக்கடையில் போய் உட்கார்ந்தார். கடைக்காரர், "மொத வருசம் மாப்பிள்ளை மரியாதைதான் சார். ரெண்டாம் வருசம் பிள்ளைக மூட்டையக் கட்டுறத இங்கன உக்காந்து பாத்துக்கிட்டுதான இருக்கேன்" என்றார். அந்தச் சம்பந்தம் அன்றோடு முறிந்தது.

அடுத்து மதுரைப் பக்கம் ஒரு பழைய கல்லூரி. புள்ளியியல் இருந்தது, டீக்கடையும் நற்சான்று தந்தது. மதிப்பெண் அடிப்படையில் கட்டணத்தையும் விடுதிச் செலவையும் ஏற்றுக்கொள்ளும் உதவித்தொகை உண்டு, நேர்காணலுக்கு வரவேண்டும் என்றார்கள். புறப்படும் முன் காலிதா, முதன்முதலாகப் போகிற இடத்துக்கு ஏதாவது கொண்டுபோக வேண்டாமா என்று கேட்டார். அங்கேதான் சாருக்குப் புத்தி பிசகியது. இத்தனை வருஷம் சம்பந்தம், சம்பந்தம் என்றே பேசி, கடைசியில் அவரே அதை நம்பிவிட்டார். கொண்டுபோவதுதான் முறை என்றார்.

விளைவு, நேர்காணல் அறைக்குள் ஒரு தாம்பாளம் நுழைந்தது. அதில் ஒரு சீப்பு வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, கீழக்கரையிலிருந்து வரவழைத்த தொதல் அல்வா ஒரு டப்பா. குழுவின் தலைவியான பேராசிரியை, இது என்ன என்று கேட்டார். சார் பெருமிதத்தோடு, "சம்பந்தம் பேசப் போறப்ப வெறுங்கையோட போறதில்லங்க" என்றார்.

யாருக்குச் சம்பந்தம் என்று அந்த அம்மையார் கேட்டபோதாவது நிறுத்தியிருக்கலாம். நிறுத்துவது சாரின் பழக்கத்தில் இல்லை. கல்லூரிதான் மாப்பிள்ளை என்றும், உதவித்தொகை என்பது மாப்பிள்ளை வீட்டார் போடும் பரிசம் என்றும், விடுதி அடுப்படியையும் பார்த்துவிட்டால் இன்றே முடித்துக்கொள்ளலாம் என்றும் விரிவாக எடுத்துரைத்தார். அம்மையாரின் முகம் இறுகிக்கொண்டே போனது. தாம்பாளம் லஞ்சம் என்றால் விதிப்படி அம்ரீனை நீக்க வேண்டும். பெண்ணுக்கு நிஜமாகவே கல்யாணம் என்றால் இடத்தை வேறொரு பிள்ளைக்குக் கொடுப்பதே நியாயம். எப்படிப் பார்த்தாலும் பெயரை அடித்துவிடுவது என்று பேனாவைத் திறந்தார். பிள்ளையின் வாழ்க்கையை வாயாலேயே கெடுத்துவிட்டோமே என்று குருநாதன் சார் தாம்பாளத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிற்பாடு அவரே எங்களிடம் சொன்னது இது.

அப்போது அம்ரீன் எழுந்தாள்.

"சார், நீங்க கொஞ்சம் சும்மா இருங்க" என்று தொடங்கினாள். முப்பது ஆண்டுகளாக ஆசிரியர் அறையில் யாருக்கும் வராத துணிச்சல் அது. பிறகு அம்மையாரைப் பார்த்துச் சொன்னாள்: "தட்டு கொண்டாந்தது எங்க தப்புங்க மேடம். எனக்குக் கல்யாணமும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஒண்ணே ஒண்ணுதான் கேக்கணும். இந்த உதவி மூணு வருசமும் நிக்குமா? நிக்கும்னா எங்க அத்தா ஊருக்கு வந்துருவாக. நிக்காதுன்னா இப்பவே சொல்லிருங்க, அவுக அங்கனயே கையெழுத்துப் போட்டுருவாக."

அம்மையார் பேனாவை மூடினார். மதிப்பெண் குறையாத வரை மூன்று ஆண்டும் உண்டு என்றார். குறையாது என்றாள் அம்ரீன். அதன் பிறகே நேர்காணல் தொடங்கியது. கணக்கில் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் வந்தது. சார் வாயைத் திறக்கவே இல்லை. திருப்பிக் கொடுக்கப்பட்ட தொதலை மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்தில் முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் பங்கு வைத்தார்கள். மறுவாரம், இடம் கிடைத்த செய்தி வந்தது. காதர் மைதீன் கையெழுத்துப் போடவில்லை.

குருநாதன் சார் அவர்களே, இனி உங்களிடமே பேசுகிறோம். காதர் மைதீனின் இளைய மகள் இப்போது நம் எட்டாம் வகுப்பில் படிக்கிறாள். அம்ரீன் படித்த காலத்தில் பெற்றோர் கூட்டத்துக்கு ஒருமுறைகூட வரக் கொடுத்துவைக்காத அந்த மனிதர், போன மாதக் கூட்டத்துக்கு முதல் ஆளாக வந்து நின்றார். சின்னவள் ஓயாமல் வகுப்பில் பேசுகிறாள் என்று வகுப்பாசிரியை அரைமணி நேரம் குறை சொன்னார். அவர் கண் நிறையச் சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டு, "இன்னும் எதாச்சும் இருந்தாச் சொல்லுங்க டீச்சர்" என்றார்.

நீடு வாழ்க! நோயின்றி வாழ்க! நிறைந்த மனத்தோடு வாழ்க!

இப்படிக்கு,
தங்கள் பேச்சைக் கேட்டுக்கேட்டே பழகிப்போன
ஆசிரியர்கள், அலுவலகப் பணியாளர்கள்