ஓநாய் எண்டு ஒரு பேர்

"ஹலோ... ஓம் அண்ணை, தாட்சாயினிதான்... ஓம், ஓம், பாத்தனான். வட்ஸ்அப்பில வந்த அழைப்பிதழைப் பாத்துப்போட்டுத்தான் எடுக்கிறன். ஆரைக் கேட்டு 'கிருத்திக்' எண்டு அடிச்சனீங்கள்?"

நோபல் பார்க் வீட்டுக் குசினியில் நின்றபடியே கேட்டாள். பேரன் பிறந்த முப்பத்தோராம் நாள் கொண்டாட்ட அழைப்பிதழில் பிள்ளையின் பெயரையே மாற்றி அடித்து, சொந்தபந்தம் எல்லாருக்கும் அனுப்பிவிட்டிருந்தார் தமையன் மகேந்திரராஜா. அரை மணி நேரத்துக்கு முன்புதான் மகள் ராகவி அழுதழுது போன் எடுத்து, ஞாயிற்றுக்கிழமை பிள்ளையோடு கோயிலுக்கு வரவே மாட்டேன் என்றாள். தாட்சாயினி அதுவரை தமையனை எதிர்த்துப் பேசி அறியாதவள்.

"வடிவில்லையோ?... பிள்ளையின்ர பேர் வூக். பேர்த் சேட்டிபிக்கற்றிலயும் அதுதான்... தெரியும் அண்ணை, ஓநாய்தான்! நீங்கள் கூகிளில தேட முதலே மருமோன் வீட்டார் எங்களுக்குச் சொல்லிப்போட்டினம். செர்பியன் பாசையில ஓநாய்... மிருகத்தின்ர பேரோ? உங்கட மூத்தவன் கஜன். அது யானை. எங்கட அப்பா நாகலிங்கம். பாம்பை ஆரும் பிழை சொன்னவையோ?... சிரிக்காதேங்கோ. எனக்குச் சிரிப்பு வரேல்லை... என்ன, மருமோன்ர பேரோ? கோரான் எண்டா மலைநாட்டான். எங்கட ஆக்கள் மலையப்பன் எண்டு வைக்கிறேல்லையோ?... சம்மந்தி மிலிட்சாவை ஏன் இழுக்கிறீங்கள்? அவவின்ர பேருக்குச் செல்லமானவள் எண்டு அர்த்தம். அதிலயும் பிழை பிடியுங்கோவன்... ஓம்... ஓம்... கேக்கிறன், கத்தாதேங்கோ..."

போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்தாள். பிறகு திரும்ப ஒட்டவைத்தாள்.

"முடிஞ்சுதோ? இப்ப என்னைக் கதைக்க விடுங்கோ. ஏன் அந்தப் பேர் எண்டு ஒருக்காக் கேட்டனீங்களோ? அவையின்ர நாட்டில, பிள்ளையள் தங்காத வீட்டில, அடுத்ததுக்கு வூக் எண்டு வைப்பினமாம். பிள்ளை தின்னுற சூனியக்காரி ஓநாய்க்குக் கிட்டப் போகமாட்டாளாம்... மூடநம்பிக்கையோ? எழுத்துப் பாத்து, எண் கூட்டிப் பேர் வைக்கிற நீங்களோ கதைக்கிறது?... இல்லை, எனக்கு ஒருத்தரும் வசியம் செய்யேல்லை. முதல்ல நானும் முகம் சுளிச்சனான். பேந்து மிலிட்சா காரணத்தைச் சொல்லேக்க வெக்கமாப் போச்சுது... என்ன சொன்னீங்கள்?... திருப்பிச் சொல்லுங்கோ... வெள்ளையனைக் கட்டினதாலதான் முதல் ரெண்டும் தங்கேல்லை எண்டோ?"

கதிரையை இழுத்து அமர்ந்தாள். பிறகு பேசிய குரல் தணிந்திருந்தது.

"அண்ணை, ராகவியின்ர மூத்த பிள்ளைக்கு ஆர் பேர் வைச்சது?... சொல்லுங்கோவன்... ஓம், நீங்கள்தான். சாத்திரியாரிட்டக் கேட்டு, நல்ல எழுத்தில, யதுஷன் எண்டு. ஒன்பது நாள் இருந்தவன். அடுத்தவளுக்கும் நீங்கள்தான். நிவேதிகா. அவள் மூண்டு நாள்... இல்லை, உங்களைக் குத்தம் சொல்லேல்லை. ராகவியும் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனா அந்த ரெண்டு வடிவான பேரையும் இப்ப வாசிக்கிறதெண்டா சவக்காலைக்குத்தான் போகவேணும். கல்லில கிடக்கு... வூக்குக்கு இண்டைக்கு இருபத்தாறு நாள். விளங்குதோ? இருபத்தாறு. விடிய எழும்பி ஒவ்வொரு நாளும் எண்ணுறன்... அந்த அழைப்பிதழை அழிச்சுப்போட்டு அவன்ர பேரைப் போட்டு அனுப்புங்கோ. ஏலாதெண்டா, ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வரவேண்டாம்... ஓம், ராகவிக்குத் தாய்மாமன் எண்டாலும்தான்... என்ன?... ஏன் இப்பிடியொரு பேர் எண்டு சபைக்கு என்ன சொல்லுறதோ?"

தாட்சாயினி எழுந்து நின்றாள்.

"பிள்ளை உயிரோட இருக்கு எண்டு சொல்லுங்கோ."

போனை வைத்துவிட்டாள்.